குவாண்டம் அமலுக்கு வந்த குடியிருப்பு அலுவலகம்

ஆவடிப் பக்கம் இருந்த ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில், ஊழியர்களுக்கு வீடு ஒதுக்குகிற குடியிருப்பு அலுவலகம், எண்பத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில், குவாண்டம் இயற்பியலை அமல்படுத்தியது. சிரிக்க வேண்டாம். முறைப்படி ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, மூன்று பிரதி எடுத்து, அமல்படுத்தியது. உலகத்தில் வேறெந்த அலுவலகமாவது இந்தக் காரியத்தைச் செய்ததா என்று தெரியவில்லை. செய்திருந்தால் அந்த ஊர் ஜனங்களைக் கர்த்தர்தான் காப்பாற்ற வேண்டும்.

கிறிஸ்துராஜுக்கு இயற்பியலோடு எந்தப் பகையும் கிடையாது. அவன் அந்தத் தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். சேக்காட்டில் லோகநாயகி அம்மாள் வீட்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில், மனைவி சாராளோடு வாடகைக்கு இருந்தான். சாராளுக்கு அப்போது ஆறாம் மாதம். லோகநாயகி அம்மாளின் மகனுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புதுக் குடித்தனத்துக்கு அந்த அறையை விட்டால் வேறு இடம் இல்லை.

"நைனா, நான் உன்ன தொரத்தலப்பா," என்றாள் லோகநாயகி அம்மாள். "வாயும் வயிறுமா கீற பொண்ணு, எனக்கும் மனசு கேக்கல. ஆனா எம் புள்ளைக்கும் ஒரு ஊடு வோணுமில்ல? பொங்கலுக்கு முன்னாடி பாத்துக்க."

"நீ கவலப்படாத ஆயா. கோட்ரஸ் வந்துடும்," என்றான் கிறிஸ்துராஜ். சும்மா சொல்லவில்லை. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், தொழிலாளர்களுக்கான முதல் டைப் வீடுகளில் பதினாலாம் நம்பர் காலியாகியிருந்தது. அதில் இருந்த ஃபிட்டர் லட்சுமணன் ரிட்டையராகி ஊருக்குப் போய்விட்டார். சீனியாரிட்டிப்படி அடுத்த ஆள் கிறிஸ்துராஜ். லட்சுமணனின் சாமான்களை லாரியில் ஏற்றியதும், கதவைப் பூட்டியதும், சாவியை அலுவலகத்தில் கொடுத்ததும்கூட அவனேதான். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன உத்தரவாதம் வேண்டும்?

வினை ஒரு சொற்பொழிவு ரூபத்தில் வந்தது.

தலைமை அலுவலகத்தில் யாருக்கோ திடீரென்று ஊழியர்களின் அறிவியல் மனப்பான்மையை வளர்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ரிட்டையரான பேராசிரியர் பக்தவத்சலத்தைப் பிடித்து, 'குவாண்டம் இயற்பியலின் அடிப்படைகளும் பழைய இயற்பியலோடு அவற்றின் உறவும்' என்ற தலைப்பில் கேண்டீன் ஹாலில் பேச ஏற்பாடு செய்தார்கள். இதுவரை பழுதில்லை. ஆனால் எல்லாப் பிரிவுகளுக்கும் கடிதம் தட்டச்சு செய்த புண்ணியவான், புதிதாக ஒன்று எழுதச் சோம்பல்பட்டு, போன வருஷத்துத் தீத்தடுப்பு வாரக் கடிதத்தை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டார். கடைசிப் பத்தி அப்படியே நின்றது: 'உரையில் கூறப்படுபவற்றை எல்லாப் பிரிவுகளும் உடனடியாக நடைமுறைப்படுத்தி, அமலாக்க அறிக்கை அனுப்ப வேண்டும்.'

மற்ற பிரிவுக்காரர்கள் சிரித்துவிட்டு ஃபைலில் போட்டார்கள். குடியிருப்பு அதிகாரி கஜபதி சிரிக்கிற ஜாதி இல்லை. தீத்தடுப்பு வாரத்தில் மணல் வாளி மாட்டச் சொன்னார்கள் என்று கழிவறைக்குள்ளும் மாட்டியவர் அவர். "மேலிடத்து உத்தரவுல அர்த்தம் தேடக் கூடாது. அமல்படுத்தணும். அர்த்தம் தேவைப்பட்டா அவங்களே தனியா அனுப்புவாங்க," என்பது அவர் சித்தாந்தம்.

சொற்பொழிவுக்கு ஹால் நிறைய வேண்டுமே என்று வழக்கம்போல லேத் பிரிவிலிருந்து ஆட்களை ஓட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். ஷிப்ட் முடித்து வந்த கிறிஸ்துராஜ் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து, 'அன்பார்ந்த தொழிலாளர்களே' வரைக்கும் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனான். முன்வரிசையில் கஜபதி ஒன்று விடாமல் குறித்துக்கொண்டார். ரொம்பச் சின்னப் பொருட்களின் உலகத்தில் நடப்பு வேறு மாதிரி, அளந்து பார்க்கிற வரைக்கும் ஒரு துகளுக்கு இந்த நிலைதான் என்று கிடையாது, பல நிலைகளும் கலந்தே இருக்கும், பார்த்தால்தான் ஏதோ ஒன்று நிச்சயமாகும் என்றெல்லாம் பேராசிரியர் அழகாகவே சொன்னார். திறந்து பார்க்கிற வரைக்கும் உயிரோடும் செத்தும் இருக்கிற, பெட்டிக்குள் அடைத்த ஒரு பூனையையும் உதாரணம் காட்டினார். பாதிப் பேச்சில் போண்டா வந்து சேர்ந்தது. விநியோகத்தை மேற்பார்வையிட எழுந்துபோன கஜபதி, வீடு வாசல் மாடு மனிதர் போன்ற பெரிய விஷயங்களில் இந்த விசித்திரம் ஏன் வெளியே தெரிவதில்லை என்கிற பின்பாதியைச் சட்னி வாளியோடு நின்று அரைக் காதால் கேட்டார்.

அடுத்த வாரம் கிறிஸ்துராஜ் அலுவலகத்துக்குப் போனபோது, தலைமை எழுத்தர் தாட்சாயிணி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"பதினாலு காலியா இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். லட்சுமணன் அண்ணாத்த சாமான நாந்தான் ஏத்தி உட்டேன். பூட்டினதும் நாந்தான்."

"அது அன்னைக்கி. இப்போ உள்ள போய்ப் பாத்தியா?"

"இல்ல மேடம். பூட்டி கீதே."

"பாக்கல இல்ல? அப்ப அது காலியாவும் இருக்கு, காலியில்லாமலும் இருக்கு. ரெண்டும் கலந்த நிலை. ஒண்ணாந்தேதியிலருந்து இதான் ரூல்."

கிறிஸ்துராஜுக்குத் தலை கிறுகிறுத்தது. "அப்ப வாங்க மேடம், ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துடலாம். நாலு தெரு தள்ளிதான் கீது."

தாட்சாயிணி பதறிவிட்டார். "ஐயையோ, சும்மா போய்ப் பாத்துட முடியுமா? பாத்தா நிலை மாறிடும்ப்பா. பாக்குறதுக்குன்னு நோக்குநர் குழு போட்டிருக்கு. அவங்கதான் பாக்கணும்."

"குழு எப்ப கூடும்?"

குழு கூடவில்லை. கூடிப் பார்க்கிற வரைக்கும் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் கணக்கு, இருக்கிறதா இல்லையா என்பது நிச்சயமில்லை என்றும், கோரம் நிச்சயமில்லாமல் குழுவைக் கூட்டக் கூடாது என்றும் கஜபதி குறிப்பு எழுதியிருந்தார். ரொம்ப யோசித்து எழுதிய குறிப்பு அது.

"சரி மேடம், என் ஃபைலாவது எங்க கீது?"

"இதோ, எம் மேஜை மேலதான்." ஃபைலின் மேல் அவருடைய டிபன் பாக்ஸ் இருந்தது.

"எப்ப மேல போவும்?"

"ரெண்டையும் கேக்கக் கூடாதுப்பா. இருக்குற இடம் துல்லியமாத் தெரிஞ்சா, போற வேகம் தெரியாது. இயற்கையோட விதி. நானா வச்சது இல்ல."

அடுத்த முறை போகும்போது உஷாராக வேகத்தை மட்டும் கேட்டான். "ஓ, நல்ல வேகத்துல போயிக்கிட்டிருக்கு," என்றார் தாட்சாயிணி உற்சாகமாக. எங்கே போகிறது என்று வாய்தவறிக் கேட்டுவிட்டான். அவர் உதட்டைப் பிதுக்கினார். டிபன் பாக்ஸ் அதே இடத்தில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சாராளிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"காலியாவும் கீதாம், காலி இல்லாமலும் கீதாமா? இன்னாய்யா, குட்ச்சிட்டு வந்தியா?"

"நான் குடிக்கல. அவங்கதான் எத்தையோ குடிச்சிக்கீறாங்கோ."

சாராள் நூம்பல் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு வீடு காலியா இல்லையா என்று தெரிய வேண்டுமென்றால் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுநாள் காலை வயிற்றைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு நடந்தாள். பதினாலாம் நம்பர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். பின்கதவில் ஒரு பலகை பெயர்ந்திருந்தது. அது வழியாகப் புகுந்த வெள்ளாடு ஒன்று, நடு ஹாலில் இரண்டு குட்டி போட்டுவிட்டு, லட்சுமணன் விட்டுப்போன காலண்டரில் பங்குனி மாதத்தைத் தின்றுகொண்டிருந்தது. பிள்ளைத்தாச்சிக்குப் பிள்ளை பெற்றவள் மேல் இரக்கம் வருவது இயல்புதானே? பக்கத்து வேலியிலிருந்து கொஞ்சம் தழை ஒடித்துப் போட்டுவிட்டு, நேராக அலுவலகத்துக்குப் போய்த் தாட்சாயிணியிடம் சொன்னாள்.

"ஆளுங்க யாரும் இல்லீங்க. ஒரு ஆடுதான் கீது. அத்த ஓட்டி உட்டா நாங்க வந்துடுவோம்."

சாயங்காலமே கிறிஸ்துராஜுக்கு மெமோ வந்துவிட்டது. அவன் மனைவி அனுமதியின்றி அரசுக் குடியிருப்பை நோக்கியதற்கு விளக்கம் கேட்டு.

விசாரணையைக் கஜபதியே நடத்தினார். கோபமே படவில்லை. அவர் மனம் புண்பட்டிருந்தது.

"என்ன காரியம்ப்பா பண்ணி வச்சிருக்காங்க உன் சம்சாரம்? அவங்க எட்டிப் பாக்குற வரைக்கும் அந்த வீட்டுக்குள்ள ஆடு இருந்துச்சு, இல்லாமலும் இருந்துச்சு. நல்ல நிலைமை. அப்படியே விட்டிருந்தா காலின்னு வர்றதுக்கும் சான்ஸ் இருந்துச்சு. இவங்க பாத்தாங்க. ஆடு நிச்சயமாயிடுச்சு. அதாவது, அரசாங்க குவார்ட்டர்ஸ்ல உன் சம்சாரம் ஒரு ஆட்ட உண்டாக்கியிருக்காங்க."

"சார், ஆட்ட அவ எப்படி சார் உண்டாக்குவா? அது பின்னால பலக ஒடஞ்ச வழியா..."

"அதோட குட்டி ரெண்டு. மொத்தம் மூணு. இன்னொண்ணு சொல்றேன் கேளு. பேராசிரியர் தெளிவா பூனைன்னுதான் சொன்னார். ஆட்டுக்கு இந்த விதி செல்லுமான்னு தலைமை அலுவலகத்துக்கு விளக்கம் கேட்டு எழுதியிருக்கேன். பதில் வர்ற வரைக்கும் அந்த வீட்ல குடியிருப்பவர் இருக்கார்னுதான் அர்த்தம்."

ஆட்டுக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். நோட்டீஸை ஆடு தின்றுவிட்டது. அது பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாக ஏற்கப்பட்டது. மறுநாள் ஆட்டுக்காரர் வந்து ஆட்டையும் குட்டிகளையும் ஓட்டிக்கொண்டு போனார். பியூன் கோதண்டம் பின்கதவில் புதுப்பலகை அடித்தார். ஆனால் ஆடு போனதை முறைப்படி யாரும் நோக்கவில்லை என்பதால், அலுவலகத்தைப் பொறுத்தவரை அது அங்கேயேதான் குடியிருந்தது.

இப்படியே கார்த்திகை போய் மார்கழி பிறந்தது. சாராளுக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. லோகநாயகி அம்மாள் வீட்டில் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்துவிட்டான். அவன் அறை வாசலில் வந்து நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான். அம்மாளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் கிறிஸ்துராஜை அறுத்தது. திட்டினால்கூடப் பதில் சொல்லலாம். பிரசவத்துக்கு நூம்பலுக்கு அனுப்பலாமென்றால், சாராளின் அப்பன் வீட்டில் ஏற்கெனவே மூன்று குடும்பம். பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே தூக்கிக்கொண்டு வருவது? ராத்திரி கண்ணை மூடினால் இதே கேள்விதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு லாரி வந்து நின்றது. அதுவும் பூட்டிக் கிடந்த வீடுதான். காலியாகவும் காலியில்லாமலும் இருந்ததுதான். காலையில் லாரி வந்தது. சோபா இறங்கியது, பீரோ இறங்கியது, கலர் டிவி இறங்கியது. மத்தியானம் உள்ளே தாளிக்கிற வாசனை. வந்தவர் ஜெனரல் மேனேஜரின் மச்சான். தொழிற்சாலையில் அவருக்கு வேலையே கிடையாது.

கிறிஸ்துராஜ் மெஷினை நிறுத்திவிட்டு பர்மிஷன் போட்டான். வழியில் சாராளும் சேர்ந்துகொண்டாள். இருவரும் கஜபதியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்கள்.

"இன்னா சார் அநியாயம் இது? ஒம்போதாம் நம்பர குழு பாத்துச்சா? அவருக்கு மட்டும் எப்படி சார் ஒரே நாள்ல நிச்சயம் ஆச்சு?"

கஜபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விளக்கம் சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

"நல்ல கேள்வி. எல்லாரும் அவசரப்பட்டு அநியாயம்னுடறீங்க, இயற்பியல் தெரியாததால. இந்த ரெண்டு நிலை, நிச்சயமின்மை இதெல்லாம் யாருக்கு? சின்னதுங்களுக்கு. துகள்களுக்கு. மச்சான் பெரிய பொருள்ப்பா. பெரிய பொருளுக்கு குவாண்டம் பாக்கறதில்ல. அதுக்குப் பழைய இயற்பியல், நியூட்டன் விதி. தள்ளினா போகும், போய் நிக்கிற இடத்துல நிக்கும். ஜி.எம். கொஞ்சம் தள்ளினார். போய் நின்னுட்டார். ஆப்பிள் விழறப்போ குழுவா போடறோம்?"

"அப்ப நாங்க?"

"நீங்க குறுக்க ஒரு சுவர் இருக்குற துகள். அதுக்கும் வழி இருக்கு, பேராசிரியர் சொன்னார். தாண்டவே முடியாத சுவருக்கு அந்தப் பக்கம் சில நேரம் துகள் போய் இருக்குமாம். யாரும் தூக்கி விடாமலே. ஆனா சுவர் தடிமனா இருந்தா சான்ஸ் ரொம்பக் கம்மி. உனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவுல பாரு, நான் இருக்கேன், தாட்சாயிணி இருக்காங்க, குழு இருக்கு, தலைமை அலுவலகம் இருக்கு. நல்ல தடிமன்."

இதுவரை சும்மா நின்ற சாராள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளால் நிற்க முடியவில்லை.

"சார், ஒண்ணு கேக்கறேன். இந்தப் பெரிய பொருள்னு சொல்றீங்களே, அது எத்தால செஞ்சது?"

"எல்லாம் அதே அணுதாம்மா."

"அதேதானா? வேற ஒசத்தியா ஒண்ணும் இல்லியா?"

"இல்லம்மா. அதே சின்னதுங்கதான். கோடிக்கணக்குல ஒண்ணா சேந்து நின்னா, தனித்தனியா இருந்தப்போ இருந்த சந்தேகம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு அடிபட்டுப் போயிடும். மொத்தமா பாத்தா, நிச்சயமா நடந்துக்கும். இதைத்தான் பழைய இயற்பியலோட உறவுன்னு சொல்றாங்க." போண்டா விநியோகத்தின்போது அரைக் காதால் கேட்டது இவ்வளவு தெளிவாக வெளியே வந்ததில் கஜபதிக்கே ஆச்சரியம்.

"நல்லதுங்க சார்," என்று எழுந்தாள் சாராள்.

வெளியே வந்ததும் கணவனின் கையைப் பிடித்தாள். "அந்த மச்சான் தனியா வரல பாத்தியா? பின்னாடி ஜி.எம். நின்னாரு. நீ இத்தினி மாசமா தனியாவே போய்கினு வந்துகினு கீற. உங்க லேத் செக்சன்ல எத்தினி பேரு?"

கிறிஸ்துராஜ் அவளைப் பார்த்தான். அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் சிரித்துவிட்டான். பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியது. லேத் பிரிவு முழுக்க கேட்டைத் தாண்டி நேரே குடியிருப்பு அலுவலகத்துக்கு வந்தது. பின்னாலேயே ஃபிட்டர்கள், வெல்டர்கள், வீடு கேட்டு எழுதிப் போட்டுவிட்டு வாடகை அறைகளில் முடங்கிக் கிடந்த அத்தனை பேரும் வந்தார்கள். அவரவர் பெண்டாட்டி பிள்ளைகளும் வந்தார்கள். சாராளின் சர்ச்சிலிருந்து பாடகர் குழுப் பெண்கள் வந்து, சும்மா நிற்பானேன் என்று ஒரு ஞானப்பாட்டை எடுத்துவிட்டார்கள். லோகநாயகி அம்மாள் பால் பாத்திரத்தோடு வந்திருந்தாள். அலுவலகத்துக்கு முன்னால் இருந்த மைதானத்தில் நிற்க இடமில்லை.

கஜபதி வெளியே ஓடிவந்தார். "என்னப்பா இது? என்ன கூட்டம்?"

"கூட்டம் இல்ல சார். பெரிய பொருள்," என்றான் கிறிஸ்துராஜ்.

"ஏய், என்ன விளையாடறியா?"

"நீங்கதான சார் சொன்னீங்கோ? சின்னதுங்க சேந்து நின்னா சந்தேகம் பூடும், நிச்சயம் வந்துடும்னு. சேந்துட்டோம். வாங்க, பாக்கலாம்."

கூட்டம் நகர்ந்தது. அதன் நடுவில் கஜபதியும் நகர்ந்தார். நகராமல் இருக்க வழியில்லை, பின்னால் தள்ளினார்கள். தள்ளிய பக்கம் போனார். பதினாலாம் நம்பர் வீட்டைச் சுற்றி எல்லா ஜன்னல்களிலும் ஜனங்கள் தொங்கினார்கள். பிள்ளைகள் அப்பன்மார் தோளில் ஏறிப் பார்த்தன.

"அனுமதியில்லாம நோக்காதீங்க! ஒவ்வொருத்தருக்கும் மெமோ வரும்!" என்று கத்தினார் கஜபதி.

"அத்தினி மெமோக்கு உங்களாண்ட பேப்பர் கீதா அண்ணாத்தே?" என்று யாரோ கேட்டார்கள்.

"காலி!" என்று ஒரு குழந்தை கத்தியது. "காலி, காலி!" என்று நான்கு பக்கமும் குரல் எழுந்தது. ஆடு இல்லை, பூனை இல்லை, கலந்த நிலை எதுவும் இல்லை. நாலு சுவரும் ஒரு அடுப்பு மேடையும்தான் இருந்தன. பியூன் கோதண்டம் சாவிக்கொத்தோடு ஓடிவந்து, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் பூட்டைத் திறந்தார். தாட்சாயிணி ஃபைலைக் கொண்டுவந்தார். அது அப்படி ஒரு வேகத்தில் வந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். கஜபதி கூட்டத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

சாராள் மேடையில் மூன்று செங்கல் கூட்டித் தீ மூட்டிப் பாலை வைத்தாள். பால் பொங்கியபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. லோகநாயகி அம்மாளும் சேர்ந்து அழுதாள். கிறிஸ்துராஜ் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர ஒரு வாசல் கிடைத்துவிட்டது.

எல்லோருக்கும் கொடுத்ததுபோலக் கஜபதிக்கும் ஒரு டம்ளர் பால் கொடுத்தார்கள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, குடிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார். கிறிஸ்துராஜுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"இன்னா சார், கோவமா?"

"கோவம் இல்லப்பா." கஜபதி குரலைத் தாழ்த்தினார். "நான் எங்க இருக்கேன் தெரியுமா? பூந்தமல்லில. வாடகை வீடு. மழை பேஞ்சா சமையல்கட்டுல முழங்கால் தண்ணி. அதிகாரிங்களுக்கான மூணாம் டைப் குவார்ட்டர்ஸ் கேட்டு தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு வருஷக்கணக்காச்சு. போன வாரம்தான் பதில் வந்துச்சு."

"இன்னா சார் சொன்னாங்கோ?"

"நான் தகுதியுள்ளவனாவும் இருக்கேனாம், தகுதியில்லாதவனாவும் இருக்கேனாம்." அவர் டம்ளரைப் படியில் வைத்தார். "நான் அனுப்புன அமலாக்க அறிக்கை அங்க ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்ப்பா. தேசம் முழுக்க விரிவுபடுத்திட்டாங்க."

கிறிஸ்துராஜ் சிரிக்கவில்லை. பாவம், சிரிக்கத் தோன்றவில்லை.

"உன் ஆளுங்க எனக்காக ஒரு தடவ வருவாங்களா?" என்று கேட்டார் கஜபதி.

"வருவாங்கோ சார். ஏன் வர மாட்டாங்கோ? ஆனா முன்னாடி உங்க ஆளுங்கோ நிக்கணும் சார். நாங்க பின்னாடி நிக்கறோம். உங்க ஆளுங்கள கூட்டியாங்க."

கஜபதி தலையை உயர்த்தித் தன் ஆட்களைத் தேடினார். தாட்சாயிணி அடுப்பங்கரையில் பாடகர் குழுவோடு சேர்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கோதண்டம் லேத் பிரிவுக்காரர்கள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டாவது டம்ளர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"கோதண்டம்," என்று கூப்பிட்டார் கஜபதி.

கோதண்டம் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.